எட்டாம் நம்பர் சப்பாத்து

பதுளைக் கடைவீதியில் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேளுங்கள், காலைப் பார்த்த மாத்திரத்தில் சப்பாத்து அளவு சொல்கிற முதலாளி யார் என்று. என் கடையைத்தான் கை காட்டுவார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பதின்மூன்று வயதில் செருப்புப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு, சம்பள நாள் பார்த்துத் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கினேன். எனக்கு அல்லாஹ்வும் என் இரண்டு கால்களும்தான் துணை. இப்போது கடைக்கு இரண்டு வாசல். மேலே மாடி, மாடியில் வீடு. புஹாரி முதலாளி என்றால் பண்டாரவளைக்காரனுக்கும் தெரியும். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

ஆனால் எழுத உட்கார்ந்தது என்னைப் பற்றி அல்ல, யேசுரத்தினத்தைப் பற்றி. அவரைப் பற்றி எழுத ஆள் கிடையாது. எனக்கோ எழுத்து அவ்வளவாக வராது. இருந்தாலும் நான்தான் எழுத வேண்டும். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

ஸ்பிரிங்வெளி ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒன்றரை மைல் மேலே ஏறினால் கருங்கல்பாறைத் தோட்டம். யேசுரத்தினம் அங்கே கணக்கப்பிள்ளை. அதே தோட்டத்தில், வேலையாள்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவர். அப்பா தேயிலைச் செடியை வெட்டிவிடக் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர். மகன் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்து, வேலைக்கு வந்த ஆள்களுக்குப் பேர் போடுகிற வேலைக்கு வந்துவிட்டார். லயத்திலிருந்து கணக்கப்பிள்ளை வீட்டுக்கு நூறு அடி தூரம் கூட இராது. அந்த நூறு அடியைக் கடக்க இரண்டு தலைமுறை பிடித்தது என்று அவரே சொல்வார். இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். தானாக ஏறி வந்தவனைத் தானாக ஏறி வந்தவனுக்குத்தான் தெரியும்.

ஆள் பெரிய உடம்பு. அவர் அப்பாவுக்குச் சீனி வருத்தம், அதாவது சர்க்கரை நோய், இருந்தது. ஒரு கால் அழுகி, ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். நான்கு வருஷம் லயத்து வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். எழுபத்து மூன்றாம் ஆண்டு, நாற்பத்திரண்டு வயதில், மகனுக்கும் அதே வருத்தம் என்று டவுன் டாக்டர் சொல்லிவிட்டார். அங்கிருந்து நேராக என் கடைக்கு வந்தார்.

"என்ன கணக்கப்புள்ள, மொகமே சரியில்ல?"

"டாக்டர் வேகமா நடக்கச் சொல்றாருங்க முதலாளி. மூச்சு வாங்குற மாதிரி நடக்கணுமாம். கால பத்திரமாப் பாத்துக்கச் சொன்னாரு."

"நீங்க மலையில நாள் முழுக்க நடக்கிற ஆளுதானே?"

"நின்னு நின்னு நடக்கிறது நடையில்லையாம்." குனிந்து தன் காலைப் பார்த்தார். "எங்கப்பாவுக்குக் கால் போனப்ப மகன் இருந்தான் சோறு போட. எனக்கு ரெண்டும் பொண்ணு. மலையேற முடியாத கணக்கப்புள்ளைய எந்தத் தொரை வச்சிருப்பாரு? வேலை போனா வீட்டையும் காலி பண்ணணும். திரும்ப லயத்துக்குக்கூடப் போக ஏலாது, அங்க எனக்குக் காம்பரா இல்ல."

எனக்கு யாராவது சோர்ந்து பேசினால் பிடிக்காது.

"நடக்கிறதெல்லாம் எதுக்கு? ஓடுங்க! நான் தலையில பெட்டியோட அப்புத்தளை ஸ்டேஷன்ல ஓடுற ரயிலப் புடிச்சு ஏறினவன். மனசு வச்சா ஓடலாம். தெனமும் ஓடுங்க. ஆறு மாசத்துல வருத்தம் ஓடிடும்."

சொன்னதோடு விட்டேனா? காலைப் பார்த்தேன். பார்த்ததும் தெரிந்துவிட்டது: ஒன்பது. அந்த வருஷம் வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம். தட்டில் கன்வஸ் சப்பாத்து ஏழும் எட்டும்தான் கிடந்தன. என் கடையில் ஒரு சாமானை 'இல்லை' என்று சொல்லி நான் ஒருவனையும் அனுப்பியதில்லை. அது என் கொள்கை. எட்டாம் நம்பரை எடுத்துத் தூசி தட்டி நீட்டினேன்.

"உங்க அளவு எட்டு. போடுங்க."

போட்டார். எழுந்து நின்றார். "கொஞ்சம் இறுக்குதுங்க முதலாளி."

"துணிதானே, ஒரு வாரத்துல விட்டுக் குடுக்கும். முப்பது வருஷமாக் கால் பாக்கிறவன் சொல்றேன். காசு வேணாம். ஓடிக் காட்டுங்க, அது போதும்."

மாடியிலிருந்து இறங்கி வந்த என் மனைவி உம்மு குல்தூம் அவர் போனபின் கேட்டாள்: "அவரு காலு பெருசாத் தெரிஞ்சிச்சே?" நான் மிச்ச எட்டாம் நம்பர்களைத் தட்டில் அடுக்கினேன்.

தோட்டத்தில் காலை ஆறு மணிக்கு, ஆள்களை வேலைக்குப் பிரித்து அனுப்புகிற பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை நிற்க வேண்டும். ஆகையால் ஐந்து மணிக்கே ஓடத் தொடங்கினார். முதல் நாள் நடந்ததை அவரே அடுத்த மாதம் கடையில் உட்கார்ந்து சொன்னார்.

வீட்டிலிருந்து மதகு வரை முந்நூறு அடி ஓடியிருப்பார். நெஞ்சு அடைத்துவிட்டது. மதகுக்குப் பக்கத்தில்தான் தண்ணீர்ப் பீலி. பெண்கள் குடத்தோடு நிற்கிறார்கள். தோட்டத்தில் ஒருவன் விடியற்காலையில் ஓடி வருகிறான் என்றால் அர்த்தம் ஒன்றுதான்: எங்கேயோ சாவு. எழவு சொல்லத்தான் ஓடுவார்கள். அதிலும் அந்த வருஷம், கூப்பன் மாவும் குறைந்து, பாண் ரொட்டிக்கு விடிய விடிய வரிசையில் நிற்கிற காலம். சாவு அடிக்கடி வந்தது.

பெரியாயி என்ற கொழுந்து பறிக்கிறவள் குடத்தைக் கீழே போட்டாள். "ஐயோ ஐயா, யாரு போயிட்டா?"

இவருக்குப் பதில் சொல்ல மூச்சில்லை. பொறு என்று கையைத் தூக்கிக் காட்டினார். கை மேல் லயத்துப் பக்கம் நீண்டுவிட்டது. அங்கே பெரியாயியின் மாமியார் ஒரு மாதமாகப் படுக்கையில். அவ்வளவுதான், பீலியில் நின்றவர்கள் எல்லாரும் மாரில் அடித்துக்கொண்டு மேலே ஓடினார்கள். சத்தம் கேட்டு, படுத்திருந்த மாமியார் கம்பளியைப் போர்த்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாளாம். "எவடி செத்தா?" என்று கேட்டாளாம்.

நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"சிரிக்காதீங்க முதலாளி. மறுநாள் பீலியில பெரியாயி என்ன சொன்னா தெரியுமா? 'திங்க இல்லாம நாங்க நடக்கவே ஏலாமக் கெடக்கோம். தின்னது செரிக்க ஐயா ஓடுறாரு'ன்னா. என் காதுபடவே சொன்னா. தப்பில்லையே. இந்த உடம்பத் தூக்கிக்கிட்டு அவங்க முன்னாடி எப்படி ஓடுறது? விட்டுரலாம்னு பாக்கிறேன்."

"பாதியில விட்டா அப்பா கதைதான்," என்றேன். ஒரே சொல்லில் ஆளை வழிக்குக் கொண்டு வருவதில் என்னை மிஞ்ச பதுளையில் ஆளில்லை.

அவர் விடவில்லை. விடாமலிருக்க ஒரு வழியும் கண்டுபிடித்தார். தோட்டத்தில் ஒருநாள் வேலைக்கு ஒரு பேர், பாதி வேலைக்கு அரைப்பேர் போடுவது வழக்கம். ஒரு சின்னக் கொப்பியில் தனக்குத் தானே பேர் போட ஆரம்பித்தார். மதகைத் தாண்டி ஓடினால் ஒரு பேர். பாதி ஓடிப் பாதி நடந்தால் அரைப்பேர். படுக்கையை விட்டு எழும்பாத நாளுக்குச் சுழி. முதல் மாதக் கொப்பியைப் பார்த்தேன்: அரைப்பேரும் சுழியுமாகக் கிடந்தது. ஆள்களுக்குப் பேர் போடுவதில் அவர் கறார் பேர்வழி என்பார்கள். தனக்கும் அப்படியே. மழையால் ஓட முடியாமல் நின்ற நாளுக்குக்கூடப் பேர் போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டாம் மாதம் மதகைத் தாண்டினார். மூன்றாம் மாதம் மாதா கோவில் முடக்கு. ஓடுகிறதும் ஒரே வேகத்தில் அல்ல. நூறு எண்ணும் வரை ஓட்டம், ஐம்பது எண்ணும் வரை நடை. பிறகு இருநூறு ஓட்டம், ஐம்பது நடை. ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவராகவே கண்டுகொண்டது. செப்டம்பரில் தோட்டத்துக் கீழ்ப்பிரிவு வரை போய்த் திரும்பி வந்தார், இரண்டு மைல், நிற்காமல். இடுப்பு வார் மூன்று துளை உள்ளே போயிருந்தது. கொப்பி முழுக்கப் பேர்.

"சப்பாத்து எப்படி?" என்று கேட்டேன்.

"இப்ப இறுக்கலைங்க. பழகிருச்சு. கால்ல சப்பாத்து இருக்கிறதே தெரியல."

நான் உம்மு குல்தூமைத் திரும்பிப் பார்த்தேன், கேட்டாயா என்பது போல. சீனி வருத்தக்காரனுக்குக் கால் மரத்துப் போகும், வலி தெரியாது என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. எட்டாம் நம்பர் விட்டுக் கொடுத்துவிட்டது என்றே நினைத்தேன்.

ஒக்டோபரில்தான் மாடசாமி இந்தக் கதைக்குள் வந்து சேர்ந்தான். கருங்கல்பாறையில் எழவு சொல்கிற வேலை அவனுடையது. அவன் அப்பன் காலத்திலிருந்து அந்தக் குடும்பம்தான். சாவு விழுந்தால் கீழ்ப்பிரிவுக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் ஓடிச் சொல்லிவிட்டு வருவான். அந்த வருஷம் அவனுக்கு உடம்பில் ஒன்றுமில்லை. கால் இரண்டும் வீங்கி, தொட்டால் குழி விழுந்தது. ஒரு விடியற்காலை மதகில் உட்கார்ந்திருந்தவன், யேசுரத்தினம் ஓடி வருவதைக் கண்டு கையெடுத்துக் கும்பிட்டான்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. நாலாம் லயத்துல ஒரு பச்சப்புள்ள போயிருச்சு. கீழ்ப்பிரிவுல அதோட மாமன் இருக்கான். என்னால அடுத்த அடி வைக்க ஏலல. நீங்க அந்தப் பக்கந்தான ஓடுறீங்க. ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துருங்க."

கணக்கப்பிள்ளை எழவு சொல்லிப் போவதை அந்தத் தோட்டத்தில் ஒருவரும் கண்டதில்லை. அவர் மாடசாமியின் காலைப் பார்த்தார். போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

ஒரு நாளோடு முடியுமா? அடுத்த வாரம் இரண்டு. அதற்கடுத்த வாரமும். "ஐயா அந்தப் பக்கந்தான போறீங்க." இல்லை என்று அவரால் சொல்ல முடியவில்லை. எழவு சொல்லிப் போகிறவன் யார் வீட்டுக்குள்ளும் காலெடுத்து வைக்கக் கூடாது, தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கூடாது. வாசலில் நின்று சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும். திரும்பி வந்து, தன் வீட்டுக்குள் நுழையும் முன் உடுத்த உடுப்போடு தலைக்கு ஊற்ற வேண்டும். யேசுரத்தினம் மாதா கோவிலுக்குப் போகிற வேதக்காரர்தான். ஆனாலும் லயத்து ஆள்களுக்காக அதையும் விடாமல் செய்தார். பீலியில் சப்பாத்தோடு நின்று குளித்துவிட்டு, அந்த ஈரத்தோடு பெரட்டுக்குப் போவார். மறுநாள் விடியற்காலை அதே ஈரச் சப்பாத்து.

நவம்பரில் அவர் மனைவி பவுலினா தனியாக என் கடைக்கு வந்தாள். கடைக்குள் வரவில்லை, படியிலேயே நின்றாள்.

"முதலாளி, நீங்க சொன்னாத்தான் அவரு கேப்பாரு. இப்ப அவரு வர்றதப் பாத்தா கீழ்ப்பிரிவுல கதவச் சாத்துறாங்க. சும்மா ஓடுற அன்னைக்கும் சாத்துறாங்க. எம்புள்ளைங்கள பள்ளிக்கூடத்துல 'எழவுக் கணக்கப்புள்ள மக'ங்கிறாங்க. இதுக்கா நாங்க லயத்த விட்டு வெளிய வந்தோம்?"

"நான் பேசிக்கிறேன் தங்கச்சி. நான் பேசினா நடக்கும்," என்றேன்.

சம்பள நாளன்று போனேன். நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். மழை. கணக்கப்பிள்ளை வீட்டு அடுப்படியில் சப்பாத்து இரண்டும் கவிழ்த்துக் கிடந்தன. அடுப்புப் புகைக்கும் காயவில்லை. விரல் பக்கம் துணி கிழிந்து, உள்ளே கறுப்பாக ஏதோ. சேறு என்று நினைத்தேன்.

"இந்த எழவு சொல்ற வேலைய விட்டுருங்க கணக்கப்புள்ள," என்றேன்.

"எப்படி விடுறது? மாடசாமி பாயோட கெடக்கான். நான் போகலைன்னா பொணம் சொந்தக்காரனுக்காகக் காத்துக் கெடக்கும்."

"அப்ப ஓடாதீங்க. வீட்டுல இருங்க."

அவர் சிரித்தார். "ஓடாட்டி அப்பா கதைன்னு நீங்கதான சொன்னீங்க? ஓடினா வழியில மாடசாமி கும்பிடுறான். நான் எந்தப் பக்கம் போறது, சொல்லுங்க?"

இந்தச் சப்பாத்து உங்கள் அளவில்லை, கழற்றிப் போடுங்கள் என்று சொல்லிவிட வாயைத் திறந்தேன். பவுலினா தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தாள். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, பிள்ளைகளின் காலுக்கு என்ன நம்பர் என்று பார்த்ததும் சொல்லி அவர்களைச் சிரிக்க வைத்துவிட்டு, பஸ் ஏறினேன்.

தை பிறந்து இரண்டாம் நாள் மாடசாமி இறந்துபோனான். அவன் சாவைச் சொல்ல ஆளில்லை. யேசுரத்தினம்தான் ஓடினார். அன்றைக்குக் கீழ்ப்பிரிவோடு நிற்கவில்லை. மாடசாமியின் அண்ணன் மகள் அதற்கும் அப்பால் மூன்றாம் தோட்டத்தில் இருந்தாள். பதினோரு லயம், மொத்தம் ஏழு மைல், மழையில். எந்த வாசலிலும் உட்காரவில்லை. திரும்பி வந்து பீலியில் நின்று குளித்தார். வீட்டு வாசலில் குந்தி, சப்பாத்தைக் கழற்றினார். வலது கால் பெருவிரல் நகம் சப்பாத்தோடு வந்தது.

அவர் அதைக் கவனிக்கவில்லை. பவுலினா கத்தியதைக் கேட்டுத்தான் குனிந்து பார்த்தாராம். விரல் ஒரு மாதமாகவே கறுத்துப் போயிருக்க வேண்டும் என்றார்கள். அவர் கொப்பியை எடுத்து அன்றைய தேதிக்கு ஒரு பேர் போட்டுவிட்டுத்தான் தோட்டத்து லொறியில் ஏறினார். அதுதான் கடைசிப் பேர்.

பதுளை ஆஸ்பத்திரியில் முதலில் விரல், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே. மூன்று தடவை. நான் ஒவ்வொரு தடவையும் போனேன். பழம் வாங்கிக்கொண்டு போனேன், சீனி வருத்தக்காரர் என்பதை மறந்து. எனக்குத் தெரிந்த பெரிய மனுசர்களிடமெல்லாம் பேசினேன். கடைவீதியில் நான் பேசினால் நடக்காதது இல்லை. ஆஸ்பத்திரிக்குள் என் பேச்சை யாரும் கேட்கவில்லை, கேட்டாலும் அவர்களால் செய்ய ஒன்றுமில்லை.

மூன்றாவது தடவை கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எப்படியோ சொல்லிவிட்டேன்.

"கணக்கப்புள்ள, அன்னைக்கு என்கிட்ட ஒம்பது இருக்கல."

"தெரியுங்க முதலாளி."

"என்ன தெரியும்?"

"என் காலு ஒம்பதுன்னு எனக்குத் தெரியாதா? வேலைக்கு வந்த நாள்லேர்ந்து அதைத்தான போடுறேன்."

"அப்ப ஏன் வாயத் தொறக்கல?"

"நீங்க எட்டுன்னு சொல்லிட்டீங்க. காசும் வாங்கல. உங்க முகத்துக்கு முன்னால எப்படி இல்லைங்கிறது?" போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டு, "ஓடினதுல ஒரு கொறையும் இல்லைங்க. சீனி எறங்கித்தான் இருந்துச்சாம், டாக்டரே சொன்னாரு," என்றார்.

அதைக் கேட்காமலே இருந்திருக்கலாம்.

அவர் பயந்தது அப்படியே நடந்தது. தொரையிடம் நானே நேரில் போனேன், அதே கோட்டோடு. ஆபீசில் வேலை கொடுக்கச் சொன்னேன். இடமில்லை என்றார்கள். வீட்டைக் காலி செய்ய ஒரு மாதத் தவணை. என் கடையில் கல்லாவில் உட்காருங்கள் என்றேன். யேசுரத்தினம் மறுத்துவிட்டார். பூனாகலையில் பவுலினாவின் அண்ணன் வீட்டுக்குப் போனார்கள். அது லயம்தான். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. பவுலினா கொழுந்து பறிக்கப் போனாள்.

அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் ஒன்பதாம் நம்பரில் நல்ல சோடியாக ஒன்றை எடுப்பேன். இடது சப்பாத்தை மட்டும் பார்சல் கட்டிப் பூனாகலைக்கு அனுப்புவேன். வலதுகள் மேல் தட்டில் ஒரு பெட்டியில் கிடக்கின்றன. இப்போது பத்து சேர்ந்துவிட்டது. தூக்கிப் போடுங்கள் என்று உம்மு குல்தூம் ஒரு தரம் சொன்னாள். பிறகு சொல்வதில்லை.

கடையில் இப்போது அளவுப் பலகை வைத்திருக்கிறேன். யார் வந்தாலும் அதில் காலை வைக்கச் சொல்வேன். பழைய வாடிக்கைக்காரர்கள் கேலி செய்வார்கள், "என்ன முதலாளி, கண்ணு மங்கிருச்சா?" என்று. மங்கவில்லை. இன்றைக்கும் பார்த்ததும் தெரியும்.

போன கிழமை பூனாகலையிலிருந்து கடிதம் வந்தது. பேர் போடுகிற அதே சின்ன எழுத்து. உம்மு குல்தூம்தான் வாசித்தாள்.

"முதலாளிக்கு யேசுரத்தினம் எழுதிக்கொள்வது. இந்த வருஷம் ஒன்பது அனுப்ப வேண்டாம். வயதாகி, இருக்கிற காலும் வற்றிப் போய்விட்டது. ஒன்பது கழன்று விழுகிறது. இப்போது நீங்கள் அன்றைக்குச் சொன்ன எட்டுத்தான் எனக்குச் சரி."

மெய்யாகவே கால் வற்றிவிட்டதா, அல்லது என் மனசு ஆறட்டும் என்று எழுதினாரா, தெரியவில்லை. காலை நேரில் பார்த்தால் ஒரு நொடியில் சொல்லிவிடுவேன். பூனாகலைக்கு நான்கு மணி நேரம்தான், பஸ்ஸும் இருக்கிறது. எட்டாம் நம்பர் இடது சப்பாத்து ஒன்றை எடுத்துக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஒரு கிழமையாக அங்கேயே இருக்கிறது. பார்சலும் கட்டவில்லை, பஸ்ஸும் ஏறவில்லை.